மாவுக்கட்டில் ஒரு மார்புக் கவசம்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் ஊழியர்கள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே மீசையை எடுத்துவிட்டுக் கட்டுவார்கள். அந்த வருஷம் எங்கள் கம்பவுண்டர் ஒரு ராணிக் கதை எழுதியிருந்தார். புருஷன் போரில் விழுந்ததும் அவனுடைய இடத்தில் அவளே கவசம் பூட்டிக்கொண்டு கோட்டையைக் காக்கக் கிளம்புகிறாள். அவர் வாசித்து முடிப்பதற்குள் ராணி வேஷம் எனக்கு என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கைக்குழந்தைக்காரி நீங்க. கத்திச் சண்டையெல்லாம் வருது, சிஸ்டர்."

"வரட்டும் சார். கத்துக்கிறேன்."

என் மகளுக்கு அப்போது தவழும் வயது. வீட்டுக்காரர் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கும் இதில் இஷ்டமில்லை. ஆனாலும் திருச்சியில் நாடக டிரஸ் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது அவர்தான்.

பெட்டியைத் திறந்ததும் என் உற்சாகம் பாதி வடிந்தது. கவசம் முழு செட்டாக இருந்தது. மாருக்கு, முதுகுக்கு, தோளுக்கு, முன்கைக்கு, காலுக்கு என்று தனித்தனித் துண்டுகள். காகிதக் கூழில் வார்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்தவை. எல்லாம் ஆறடி ஆம்பளைக்கு அளவெடுத்தவை. நான் குள்ளம், பிரசவத்துக்குப் பிறகு உடம்பும் போட்டிருந்தது. மார்த் துண்டை மாட்டினால் மேல் விளிம்பு தாடையில் இடித்தது, கீழ் விளிம்பு தொடைவரை இறங்கியது. ஆனாலும் மார்பின் குறுக்கே மட்டும் போதவில்லை. கைக்கும் காலுக்கும் உள்ளே பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். மார்புக்கு என்ன செய்வது? வாடகைச் சாமானை வெட்டவும் முடியாது.

"சட்டை மேல ஜரிகை ஒட்டிக்கலாமே" என்றார் கம்பவுண்டர். அதற்கும் நான் மசியவில்லை என்று தெரிந்ததும், "இல்லைன்னா வார்டு பாய் ஒருத்தன் போட்டுக்கட்டும்" என்றார்.

"எனக்கு நானே செஞ்சுக்குறேன் சார். கொஞ்ச நாள் குடுங்க."

எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது எங்கள் அன்றாட வேலை. கைக்குப் போடுகிற கட்டு காயும்போது அந்தக் கையின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறதே, அது மார்புக்கு ஆகாதா? மெடிக்கல் ஷாப்பில் மாவு தடவிய கட்டுத்துணியை வாங்கிக்கொண்டு என்னோடு வேலை பார்த்த பாடாலூர்க்காரியின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் தாழிட்டுவிட்டு, என் உடம்பில் பழைய நூல் சேலையைச் சுற்றி, அதன்மேல் நனைத்த கட்டுத்துணியை அவள் வரிசை வரிசையாக ஒட்டினாள். மாவு இறுகும்போது கதகதவென்று சூடேறியது. சிலை மாதிரி விறைத்து நின்றேன். பிறகு இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டி, முன்னும் பின்னுமாகப் பிரித்து எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் அச்சு அசல் என் உடம்பு.

அந்தப் பெருமை ஒத்திகைவரைதான் நின்றது. நீள வசனத்தில் பாதிக்குமேல் மூச்சு வரவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கீழ் விளிம்பு வயிற்றில் குத்தியது. கத்தியை ஓங்கினால் அக்குளில் வெட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் ஆக ஆக மாரில் பால் கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி. கழற்றியபோது உள்ளே கட்டுத்துணி பாலில் நனைந்திருந்தது.

பாடாலூர்க்காரி என் முகத்தைப் பார்த்தாள். "விட்டுடு டீ. ஒரு நாடகம்தானே?"

"தப்பு என்னுதுதான்டீ. வயித்த எக்கிக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன். பாப்பாவுக்குப் பால் குடுத்த கையோட வேற வந்தேன். நாளெல்லாம் நான் அப்படியா இருக்கேன்? மறுபடி போடலாம் வா."

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் மாற்றினோம். பால் கொடுக்கிற நேரம் நெருங்கி மார் கனத்திருந்தபோது கட்டுப் போடச் சொன்னேன். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தேன். இடுப்பு மடிகிற இடத்தில் அவள் சாக்பீஸால் கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்கு மேலேயே கவசத்தை நிறுத்தினோம். மாவு இறுகும் வரை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ராணியின் வசனத்தைச் சொன்னேன். கையை ஓங்கிப் பார்த்து, இடிக்கிற இடத்தையெல்லாம் அகலமாக வெட்டினோம். வாடகைச் செட்டின் தோள் துண்டுகளை மார்போடு சேர்த்துக் கட்டாமல், நாடாவில் தனியாகத் தொங்கவிட்டோம். கை மேலே போனால் அவையும் கூடவே போயின. பயணப் படுக்கை சுருட்டுகிற பழைய ஹோல்டாலில் இருந்த வார்களையும் பக்கிளையும் பிரித்து இருபுறமும் தைத்தோம், ஒரு கையாலேயே அவிழ்க்கிற மாதிரி. உள்ளே ஃபிளானல் துணி ஒட்டி, மொட்டை மாடியில் மார்கழி வெயிலில் காயவைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தோம்.

நாடகம் பொழுது சாய ஆரம்பித்தது. கோட்டை முற்றுகைக் காட்சி வரை ஒரு குறையும் இல்லை. போருக்குக் கிளம்பும் காட்சிக்கு முன்னால் திரைக்குப் பின்னால் என் மகள் வீறிட்டாள். வீட்டுக்காரர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அடங்கவில்லை. நான் பக்கிளை அவிழ்த்துக் கவசத்தை ஒருபுறம் திறந்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"சீன் ஆரம்பிக்கணும் சிஸ்டர்!" மறைப்புக்கு வெளியே கம்பவுண்டர் பதறினார்.

"குடிச்சு முடிக்கட்டும் சார். மந்திரி நீங்கதானே? போய் ஏதாவது பேசிக்கிட்டிருங்க."

அவர் போனார். எழுதாத வசனமாகப் பேசினார். நாட்டின் நிலைமை, வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தது என்று ஊர்க்கதையெல்லாம் சேர்த்து வெளுத்துக் கட்டினார். ஜனங்கள் கைதட்டுவது எனக்கு உள்ளே கேட்டது. வயிறு நிறைந்த மகளை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு பக்கிளைப் பூட்டினேன். அவர் கீழே கிடந்த மரக்கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பாத்து. அந்த எக்ஸ்ரேக்காரர் கொஞ்சம் வேகமா வீசுறாரு."

எதிரித் தளபதி அந்த எக்ஸ்ரேக்காரர்தான். அவர் வீசிய வீச்சு ஒன்று நேராக என் மார்பில் விழுந்தது. சடக்கென்று சத்தம். பெயின்ட் ஒரு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர்தான் பயந்துபோய் கத்தியைத் தாழ்த்தினார். அந்த இடைவெளியில் அவர் கத்தியைத் தட்டிவிட்டு, கடைசி வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் எனக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது. சேதி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. அங்கே மார்கழி பிறந்ததும் ஆபீஸ் ஹெட் கிளார்க் வந்து நின்றார். அவர் நாடகத்தில் ராஜா. நல்ல தொந்தி.

"எனக்கும் அப்படி ஒண்ணு போட்டுவிட முடியுமா, சிஸ்டர்?"

"போட்டுடலாம் சார்" என்றேன். "சாப்பாட்டுக்கு அப்புறமா வாங்க."