மூன்று மணி பத்து நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு பாஸ்கர் போன் செய்தார். திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். "மேடம், கண்டக்டர் அய்யா போயிட்டாங்க" என்றார். முந்தின நாள் இரவு சாப்பிடும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம். விடியும் நேரத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது. புதுக்கோட்டைக்குக் கொண்டுவரும் வழியில், ஆலங்குடியைத் தாண்டுவதற்குள் வண்டியிலேயே முடிந்துவிட்டது. பாஸ்கர் டயாலிசிஸ் டெக்னீசியன். இப்படிப்பட்ட செய்தியை வருடத்தில் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் வேலை. அன்றைக்குச் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

கண்டக்டர் அடைக்கலம் அண்ணனுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை முடித்தால் அடுத்தது செவ்வாய்தான். வாரத்தில் நீளமான இடைவெளி அது. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பலர் அந்த இடைவெளியின் கடைசியில்தான் போகிறார்கள். இதை நர்சிங் மாணவிகளுக்கு நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அவர் யாரிடமும் படிக்காமலே கண்டுபிடித்து வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம நல்லாருப்பேன் டீச்சரம்மா. திங்கக்கெழம சாயந்தரம்தான் நெஞ்சுக்குள்ள தண்ணி ஏறுற மாதிரி இருக்கும்" என்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் பேராவூரணி போகும் தடத்தில் நெடுங்காலம் கண்டக்டராக இருந்தார். சிலர் பக்கத்துப் படுக்கையில் அவரோடு படுத்திருந்தவர்கள். நான் அவரை அறிந்தது கடைசி இரண்டு வருடம் மட்டும். அதுவும் ஒரு படிவத்தின் வழியாக.

அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்யும் மையங்களின் தரத்தைப் பார்த்து எழுத எங்களைப் போன்ற நர்சிங் ஆசிரியர்களை அவ்வப்போது அனுப்புவார்கள். அப்படித்தான் ஓர் அறக்கட்டளை நடத்திய அந்தச் சிறிய மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆறு இயந்திரங்கள், கழுவிவிட்ட தரை, சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம். நோயாளிகளிடம் கேட்கப் பன்னிரண்டு கேள்விகள் வைத்திருந்தேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்றார்கள். அடைக்கலம் அண்ணனும் அதையே சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே குரலில், பன்னிரண்டு முறை.

பதிவேட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லோருக்கும் சரியாக நான்கு மணி நேரம். முடிந்த பின் எடுத்த ரத்த அழுத்தம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று. மனித உடம்பு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆனால் சந்தேகத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நாலு மணி நேரம்னு எழுதியிருக்கும், பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஓடுறது மூணு மணி பத்து நிமிசம். சில நாளு மூணே மணி."

"உள்ளே கேட்டபோது ஏன் சொல்லவில்லை?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

"நீங்க பேனாவ எடுத்தா பக்கத்துல சிஸ்டர் வந்து நிக்கிது. நீங்க சாயந்தரம் பஸ் ஏறிருவீங்க. நான் வியாழக்கெழம இதே சிஸ்டர்கிட்டதானே கைய நீட்டணும்?"

பஸ் வருவது தெரிந்ததும் அவரே தொடர்ந்தார். "எழுதுங்க. ஆனா மூடுற மாதிரி எழுதிறாதீங்க. இங்கிட்டு வேற எடம் கெடையாது."

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அவர் படுக்கையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். பத்து இருபதுக்குத் தொடங்கிய இயந்திரம் ஒன்று முப்பதுக்கு நின்றது. தாளில் இரண்டு இருபது என்று பாஸ்கர் எழுதினார். எழுதும்போதே என்னைப் பார்த்தார். பேனா நின்றது.

பாஸ்கரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "ஒரு நாளைக்கு மூணு பேட்ச்தான் மேடம் எடுக்கணும். நாலாவது பேட்ச்சுக்கு ஆள் வந்து நிக்கிறாங்க. மூணு டெக்னீசியன் இருந்த எடத்துல நான் ஒருத்தன். ஒவ்வொருத்தர்கிட்டயும் முக்கால் மணி நேரம் எடுத்தாத்தான் அவங்கள ஏத்த முடியும். இல்லேன்னா திருப்பி அனுப்பணும். நீங்க சொல்லுங்க, யார அனுப்பட்டும்?" வெளி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மல்லிகா. கீரமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பூக்கட்டிப் பிழைப்பவள். முப்பத்தெட்டு வயது என்று அட்டையில் இருந்தது. முகம் ஊதி, வயதே தெரியாமல் இருந்தாள். நான்காவது பேட்ச் அவள்.

இது அடைக்கலம் அண்ணனுக்கு முன்பே தெரியும் என்பதுதான் என்னை உலுக்கியது. தன்னிடமிருந்து எடுத்த நேரம் யாருக்குப் போகிறது என்று தெரிந்தே பஸ் நிறுத்தத்தில் என்னிடம் பேசியிருக்கிறார்.

திரும்பிப் போய் அவரிடமே கேட்டபோது, "அந்தப் புள்ளைய ஏத்தத்தான் வேணும்" என்றார். "நானும் முப்பது வருசம் படியில தொங்குற ஆள உள்ள இழுத்துப் போட்டவன்தான். ஆனா ஓவர்லோடு ஏத்துனா ஓவர்லோடுன்னு எழுதணும் டீச்சரம்மா. சீட்டுக்குச் சரியா ஆள் இருக்குன்னு எழுதிக் குடுத்தா டிப்போவுல எவன் அடுத்த வண்டி விடுவான்?" பிறகு, "பேராவூரணிக்கு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு கீரமங்கலத்துல எறக்கி விடுறதும் தப்புதான்" என்றார்.

எழுதினேன். நான்கு பக்கம். ஆள் பற்றாக்குறை, இயந்திரப் பற்றாக்குறை, குறைக்கப்படும் நேரம், பொய்யாக நிரப்பப்படும் தாள். மையத்தை மூடக் கூடாது, கூடுதல் இயந்திரமும் ஆட்களும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு இடத்தில் எழுதினேன். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நன்று, நடுத்தரம், திருப்தி இல்லை. உண்மை எதுவோ அதைக் குறித்தேன்: மூன்றாவது.

முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் பயந்துவிட்டார்கள். பராமரிப்புப் பணி என்று கதவில் தாள் ஒட்டினார்கள். ஐந்து வாரம். நோயாளிகளை எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பிரித்து அனுப்பினார்கள். அடைக்கலம் அண்ணனுக்குப் புதுக்கோட்டையில் கிடைத்தது. மல்லிகாவுக்குத் தஞ்சாவூர். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்ப வேண்டும். இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை எழுந்து நிற்க முடியவில்லை. அடுத்த வாரம் இறந்துபோனாள்.

எனக்கு அதைச் சொன்னவர் அடைக்கலம் அண்ணன்தான். அவள் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து வெளியே வந்து போன் செய்தார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"மூடக் கூடாதுன்னு எழுதினேன் அண்ணே" என்றேன். அப்போது என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"எழுதியிருப்பீங்க. எனக்குத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சொன்னேன், நீங்க எழுதுனீங்க. ரெண்டு பேருக்கும் இதுல பங்கு இருக்கு. இல்லன்னு சொல்ல வேணாம். அதுக்காகச் சொல்லாமயே இருந்திருக்கலாம்னும் சொல்ல வேணாம்."

அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று அன்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நான் பொய்யான ஆறுதலை எதிர்பார்த்திருந்தேன், அவர் கொடுக்கவில்லை.

மையம் திறந்தபோது அதே ஆறு இயந்திரங்கள், அதே பாஸ்கர். ஆனால் தாளில் நடந்தது எழுதப்பட்டது. அதற்குக் காரணம் அடைக்கலம் அண்ணன். ஊசி ஏறியதும் உரக்கச் சொல்வார்: "ஏறுனது பத்து பத்து." இறங்கும்போது: "எறங்குனது ஒண்ணு இருவது. எழுதிக்கப்பா பாஸ்கரு." முதலில் சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நாளடைவில் மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். வாய் திறக்காத ஒரு பாட்டி விரலைக் காட்டி மணி சொல்வாராம். அந்தத் தாள்களை மாதம் ஒருமுறை நகலெடுத்து மேலே அனுப்பினேன். பதில் இல்லாமல் மாதங்கள் போயின. கடைசியில் இரண்டு இயந்திரம் வந்தது, இன்னொரு டெக்னீசியனும் வந்தார். நான்கு மணி நேரம் என்று எழுதி, நான்கு மணி நேரம் ஓட்டினார்கள்.

அவருக்கு அது தாமதமாக வந்தது. வருடக்கணக்காக அரைகுறையாகச் சுத்தமான ரத்தம் இதயத்தை வீங்க வைத்துவிட்டது. டாக்டர் அதைச் சொன்ன அன்று நானும் உடனிருந்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் சொன்னார்: "வண்டி இப்பச் சரியாத்தான் ஓடுது. ரோடு போயிருச்சு." அவர் மனைவி சிவகாமி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு மணி நேரத்தை அண்ணன் முழுதாக அனுபவித்தது மூன்று மாதம்கூட இல்லை.

பாஸ்கர் போன் செய்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். பழைய டிரைவர்கள் சிலர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவகாமி அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சொந்தக்காரங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி சென்டருக்குத்தான் போன் பண்ணேன்" என்றார். "அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாரு. நான் வராத அன்னைக்கு மொதல்ல அங்க சொல்லிரு, பெட்டு சும்மா கெடக்கக் கூடாதுன்னு." அவர் படுக்கையில் அன்று காலை பத்து மணிக்கு வேறொருவர் ஏற்றப்பட்டிருந்தார். பாஸ்கர் வேலை முடிந்து மாலையில்தான் பூமாலையோடு வந்தார். முழு நேரமும் ஓட்டிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்?

அடைக்கலம் அண்ணனின் துணிச்சலை நானும் பெற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அது எனக்கு வரவில்லை. இப்போது எந்த மையத்துக்குப் போனாலும், பக்கத்தில் யாரும் இல்லாதபோதுதான் படிவத்தை எடுக்கிறேன். கேள்வி கேட்கும் முன், நீங்கள் சொல்வதை எழுதினால் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்பதை, மல்லிகாவுக்கு நடந்தது உட்பட, சொல்லிவிடுகிறேன். சிலர் அதன் பிறகும் பேசுகிறார்கள். போன மாதம் இலுப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டாள். "எழுத வேணாங்கம்மா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாள். பேனாவை மூடினேன். அது சரியா என்று அடைக்கலம் அண்ணனிடம் கேட்க முடியவில்லை. கையெழுத்துப் போடும் முன் இப்போதெல்லாம் கை ஒரு நிமிடம் நிற்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு நிமிடம். அதைப் போக்கிக்கொள்ள நான் முயலவில்லை.