"இன்னும் சரியாகவில்லை" என்று பதிவிட்டவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூ வணக்கங்களுக்கு நடுவே அந்தச் செய்தி வந்தது: பத்மாவதி மேடம் தவறிவிட்டார். தி.நகரில் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான், வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டேன்.

அடையாறில், கழிவுநீர்ப் புகார்களைக் கவனிக்கும் எங்கள் அரசு அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தை நடத்தியவர் அவர். பக்கத்து நாற்காலி நான். சென்னைச் சாக்கடை அத்தனையும் அவர் செல்போன் வழியாகத்தான் வங்கக் கடலுக்குப் போகும். முப்பத்து முக்கோடி தேவர்களும் ஷிப்டு போட்டுப் பதில் எழுதினாலும் தீராத புகார்கள். நாங்கள் "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். அவர் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவார்.

சைதாப்பேட்டை ஆற்றோரத் தெருவிலிருந்து செல்வி என்ற பெண், வீட்டுக்குள் கழிவுநீர் என்று தினமும் எழுதினார். ஒருநாள் பொறியாளர் பிரிவு அனுப்பிய காய்ந்த தெருவின் படத்தைப் போட்டு, "சரிசெய்யப்பட்டது" என்றது எங்கள் பக்கம். உடனே செல்வியின் குரல் பதிவு வந்தது: "இன்னா மேடம், இது எங்க தெருவே இல்ல. கொழந்தைய கட்டில் மேல வச்சிக்கினு குந்திக்கினு கீறோம்."

பத்மாவதி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு நேரில் போனார். தண்ணீர் நிற்கும் வீட்டைப் படமெடுத்து, அலுவலகப் பக்கத்திலேயே எழுதினார்: "நாங்கள் போட்டது வேறு தெருவின் படம். இங்கே இன்னும் சரியாகவில்லை. மன்னியுங்கள்."

அரசாங்கம் மன்னிப்புக் கேட்டதும் மெரினாவில் அலையே ஒரு நிமிடம் நின்றிருக்கும்.

"அழிங்கம்மா அதை! ஊரே பார்க்குது!" என்று மேலதிகாரி கத்தினார்.

"ஊர் பார்க்கத்தானே சார் பக்கம் ஆரம்பிச்சோம்?"

சாயங்காலமே கழிவுநீர் லாரி போனது. மறுவாரம் பத்மாவதியைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றினார்கள். பதிவையும் அழித்தார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான். "என்ன மேடம், இப்ப எலிகளோட மக்கள் தொடர்பா?" என்று சீண்டுவேன். "அதுங்களுக்காவது உடனே பதில் சொல்ல முடியுது சார்" என்பார், சிரிக்காமல்.

இப்போது பக்கம் என் கையில். அலுப்பு கபாலி கோயில் கோபுர உயரம். "வெளிப்படைத்தன்மைக்கு உழைத்தவர்" என்று மேலிருந்து இரங்கல் வாசகம் வந்தது, போட்டேன். கீழே செல்வி கேட்டிருந்தார்: "எங்கூட்டுக்கு வந்த மேடம் இவங்கதான். அன்னிக்கு அவங்க போட்ட போட்டோ எங்க?"

யாரிடமும் கேட்காமல், "நாங்கள்தான் அழித்தோம்" என்று அலுவலகப் பெயரிலேயே பதில் போட்டேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி எழுதும் தெம்புதான். நாளைக் காலை வந்து பார்க்கச் சொல்லி மேலதிகாரி கூப்பிட்டிருக்கிறார்.