கை தூக்காதவள்

பாட்டில் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கீறல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிச்சத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறலும் குமிழியும் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. பத்தொன்பது வருடம். பக்கத்து ஸ்டூலில் சிட்டு. ஆள் சின்னது, கை வேகம், வாய் அதைவிட வேகம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அக்காவின் கணவர் இறந்தபோது மூன்று வாரம் அவள் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது சிட்டுதான். மகளுக்கு அவள் சித்தி.

நாற்பத்து மூன்றாவது வயதில் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கம்பெனியின் மருத்துவத் திட்டம் இருந்ததால் பாடு ஓடியது. மற்ற நாட்களில் வேலைக்கு வந்தாள்.

அடுத்த வருடம் நிர்வாகம் அந்தத் திட்டத்தைப் பாதியாக வெட்டப்போவதாகச் சொன்னது. சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்குப் போனவர்கள் கேட்டில் சங்கிலி தொங்குவதைப் பார்த்தார்கள். கதவடைப்பு.

முதல் மாதம் ஊரே திரண்டு நின்றது. கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். தையல்காரர் கூலி வாங்காமல் பேனர் தைத்தார். வீட்டுக்கு ஒருவராக வந்து பெரிய பாத்திரத்தில் சமைத்தார்கள். அக்காவுக்கு மட்டும் மின்விசிறிக்கு அடியில் கைவைத்த நாற்காலி. பேச வந்தவர்கள் எல்லாம் அவளைக் காட்டித்தான் பேசினார்கள். "இந்தத் தாய்க்காகத்தான் நம்ம போராட்டம்!" என்றார் சங்கச் செயலாளர். அவரைவிட நான்கு வயது இளையவளான தாய்க்குச் சிரிப்பு வந்தது.

ஆறாவது வாரம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய திட்டமே தொடரும், கேட்டும் திறக்கும், ஒரே ஒரு மாற்றம்: சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான சிகிச்சை மட்டும் நீக்கப்படும். பெயர் எதுவும் போடவில்லை. முந்நூற்றுப் பத்துப் பேரில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

சிட்டு பாய்ந்து போய் நோட்டீஸைக் கிழித்தாள். "இவளத் தொட்டீங்கன்னா எங்க எல்லாரையும் தொட்ட மாதிரி!" என்று கேட்டைப் பார்த்துக் கத்தினாள். பந்தலில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஆனால் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். பத்து நாளில் பந்தலில் அக்காவின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தெருக் குழாயில், முன்பு அவளை முன்னால் விட்டவர்கள் இப்போது வரிசையில் வரச் சொன்னார்கள். அதில் ஒருத்தி, "கிட்னி போனவங்க தண்ணியே குடிக்கக் கூடாதாமே, அப்புறம் எதுக்கு ரெண்டு குடம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வயிறு காய்ந்த சனத்துக்கு அன்றைக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அடுத்த வீட்டில் இருந்த கொழுந்தன் ஒரு மத்தியானம் வந்தான். உலைப் பிரிவில் வேலை. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணி, வேலைய விட்டு நின்னுக்கறேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா, யாருக்கும் பாவம் இல்ல பாருங்க."

"எனக்கு?"

"உங்களுக்கென்ன அண்ணி, எப்படியும்..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

"எப்படியும் போறவதானே. சொல்லு, வாய்க்குள்ளயே வச்சுக்காத."

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

ஒன்பதாவது வாரம், பள்ளிக்கூட ஹாலில் வாக்கெடுப்பு. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் குனிந்து அவள் காதருகே, "நீங்களும் கையத் தூக்கிட்டா ஏகமனதா முடிஞ்சிடும்மா. வெளியில நமக்கு மரியாதை" என்றார்.

"நான் தூக்க மாட்டேன். உங்க கையால நீங்களே பண்ணுங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

செயலாளர் நிமிர்ந்து, நோட்டீஸை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முகம் முகமாகப் பார்த்தாள். முதலில் உலைப் பிரிவு. அதில் கொழுந்தன். பிறகு பேக்கிங். பிறகு அவளுடைய பிரிவு. சிட்டு தலையைக் குனிந்தபடி, தோளுக்கு மேல் போகாமல் கையை உயர்த்தினாள். அவள் கணவனுக்கு உலைச் சூட்டில் வந்த மூச்சிழுப்பு. திட்டம் இல்லாவிட்டால் அவனுக்கும் மருந்து இல்லை. அக்காவுக்கு அது தெரியும்.

மறுநாள் கேட் திறந்தது. அக்காவும் வேலைக்குப் போனாள். எல்லோரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். குழாயில் வழி விட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு முறைதான் மெஷின் கிடைத்தது, அதுவும் பழுதாகாமல் இருந்தால். முதல் வியாழக்கிழமை சிட்டு ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றாள். அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மாதம் அப்படியே போனது. சிட்டு வழியெல்லாம் பேசுவாள். அக்கா வாய் திறக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குள் போனதும் நர்சிடம் கலகலவென்று பேசுவாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் ஜோக் அடிப்பாள், சிட்டுவுக்குக் கேட்கும்படி. ஒரு நாள் சிக்னலில் நின்றபோது சிட்டு உடைந்து அழுதாள். "மன்னிக்கக்கூட வேணாம்க்கா. திட்டவாவது செய்யேன். செருப்பால அடி." அக்கா சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கே பொறுக்கவில்லை. "பாவம்மா சித்தி."

"பாவந்தான்" என்றாள் அக்கா. "இருக்கட்டும்."

ஒரு புதன்கிழமை மத்தியானம், கட்டிலில் சாய்ந்தபடியே அவள் போய்விட்டாள். கம்பெனி மாலை அனுப்பியது. செயலாளர் மறுபடியும் தாய் என்று பேசினார். கொழுந்தன் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் செய்தான், அழுதுகொண்டே.

கூட்டம் கலைந்த பிறகு சிட்டு சமையலறை வாசலில் மகளின் கையைப் பிடித்தாள்.

"கடைசியா... எங்கிட்ட சொல்லச் சொல்லி ஏதாச்சும் சொன்னாளா?"

மகள் அவளைப் பார்த்தாள். சின்ன உருவம் இன்னும் சின்னதாகியிருந்தது. ஒரு பொய் போதும், சாகும்வரை அதை வைத்துப் பிழைத்துக்கொள்வாள். அந்தப் பொய் மகளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல சித்தி" என்றாள்.