நானாவிடம் எந்தப் பாஷையில் கேட்பது?

பல பாஷை பேசுகிறவர்களுக்கு மூளை சுலபத்தில் கிழடு தட்டாதாம். மகள் தொலைபேசியில் எதையோ வாசித்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு மூண்டு பாஷை தெரியும். நீங்கள் பயப்பிடத் தேவையில்லை" என்றாள். அந்தச் செய்தியை நானும் வாசிக்க ஆசைதான். கண்ணாடியைத்தான் காலையிலிருந்து காணவில்லை. சிரிக்காதீர்கள். லிங்கநகரில் இது சின்ன வீடு, மூன்று அறையும் ஒரு குசினியும். இதற்குள் அது எங்கேதான் போயிருக்கும்?

கண்ணாடி என்றதும் காசிம் நானாவின் கண்ணாடி ஞாபகம் வருகிறது. ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் வலை நூல் கட்டியிருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற ஸ்டோர் ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நானா என்று எல்லோரும் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற அவர்தான் அங்கே ஸ்டோர்கீப்பர். தார்க்கயிறு, மண்ணெண்ணெய், வெங்காயம் மூன்றும் கலந்த ஒரு மணம் அந்த ஸ்டோருக்கு. அது என் சேலையில் ஏறிவிடுவதால், பஸ்ஸில் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அதனால் எனக்கு எப்போதும் இருக்க இடம் கிடைத்தது.

நானா கிண்ணியாவிலிருந்து வருகிறவர். வீட்டில் தமிழ். வெள்ளைக்காரனின் கடற்படை இருந்த காலத்தில் இங்கிலிஷ் பிடித்துக்கொண்டார். சிங்களம் எங்கள் வாச்சர் பியசேனவிடம் படித்தது. பியசேன கந்தளாய்க்காரன், வாசலில் ஸ்டூல் போட்டு இருப்பான். மலையாளத்தில் திட்டு மட்டும், அது தேத்தண்ணிக் கடைக்காரரின் உபயம்.

நானாவின் மண்டையில் ஒரு விசேஷம் இருந்தது.

"நானா, உங்கட கண்ணாடி எங்க?"

"தெரியா புள்ள. ஷைத்தான் தூக்கிட்டுப் போயிருப்பான்."

உடனே பியசேன வாசலில் இருந்து சிங்களத்தில் கேட்பான். "நானா, கண்ணாடிய கோ?"

நானா தலையைக்கூடத் திருப்பமாட்டார். "லாச்சுவே!" என்று கை தானாக மேசை லாச்சியைக் காட்டும். திறந்தால் உள்ளே கண்ணாடி! எங்களைவிட அவருக்குத்தான் ஆச்சரியம். கயிறு, பெயின்ற் எல்லாம் இங்கிலிஷில் கேட்டால்தான் வரும். வெங்காயமும் கருவாடும் தமிழ். சட்டி, வாளி, விளக்குமாறு சிங்களம். ஆகவே எது தொலைந்தாலும் மூன்று பாஷையிலும் முறை வைத்துக் கேட்போம். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே கக்கூஸ் எங்கே என்பதோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

யார் கண் பட்டதோ, யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டுவிட்டார்கள். ஸ்டோர்கீப்பருக்கு வயது போய் மறதி வந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து நானாவைச் சோதித்துப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அன்றைக்கு நானா தேத்தண்ணி குடிக்கவில்லை.

"ஊட்டுக்கு அனுப்பினா நான் என்ன செய்யிற புள்ள? அங்க ஒரே பாஷைதான். கதைச்சுக் கதைச்சு மண்டை துருப்பிடிச்சுப் போகும். என்னில பாதி இங்கதான் கிடக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுததோடு நின்றிருக்கலாம். நான் உதவி செய்யப் போனேன். அப்போதுதான் ஸ்டோருக்குத் தமிழ் டைப்ரைட்டர் வந்திருந்தது, அதைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும். சனிக்கிழமை பியசேனவையும் பிடித்துவைத்துக்கொண்டு, எல்லாச் சாமானுக்கும் அழகான தமிழில் பெயர் அடித்து ஒட்டி, அகர வரிசைப்படி இறாக்கைத் தட்டுகளில் மாற்றி அடுக்கினேன். நானா இனி வாசித்து வாசித்து எடுக்கலாம்! "நங்கி, தங்கச்சி, இது சரிவருமா?" என்று பியசேன இரண்டு தரம் கேட்டான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற வயது.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். கழுத்துப்பட்டியும் கைக்கடிகாரமுமாக, நல்ல தமிழ்க்காரர்.

"ஒரு வாளி எடுத்துத் தாருங்கோ" என்றார்.

நானா இறாக்கைகளைப் பார்த்தார். என் எழுத்துகளைப் பார்த்தார். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறுக்கமாட்டாமல் பியசேன வாசலில் இருந்து அதையே சிங்களத்தில் கத்தினான்.

"நானா, பால்திய கோ?"

நானாவின் முகம் வெளித்தது. ஒரே பாய்ச்சலில் மூன்றாம் இறாக்கைக்குப் போய், பாராமலே கீழ்த்தட்டில் கையை விட்டு, வாளி வழக்கமாக இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, மிகுந்த மரியாதையோடு பெரியவரின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

நீல விளிம்பு வைத்த எனாமல் மூத்திரச் சட்டி.

வாளியை நான்தான் 'வ' வரிசைக்குக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தேனே! எழும்பினேன்.

"சேர், இது நானாட பிழை இல்லை. சாமானெல்லாத்தையும் இடம் மாத்தினது நான்."

"ஏன் மாத்தினீர்?"

"அவருக்கு லேசா இருக்கட்டும் எண்டு."

பெரியவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு, முன்பு எது எங்கே இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி நானாவைக் கேட்டார். நானா தொடங்கினார். கயிறு வகை இங்கிலிஷில், சட்டி வகை சிங்களத்தில், வெங்காயம் தமிழில், இடைக்கிடை எனக்கு மலையாளத்தில். நான் பழைய பட்டியலைப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டே போனேன். பட்டியலில் இல்லாத இரண்டு சாமானையும் சொன்னார். தேடினோம். அவையும் இருந்தன.

பெரியவர் ஒரு கையில் சட்டியோடு நின்றபடியே எழுதினார். ஸ்டோர்கீப்பர் தொடர்ந்து வேலை பார்க்கலாம், டைப்பிஸ்டை ஸ்டோருக்குள் விடக்கூடாது.

நானா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஸ்டோரை எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பியசேன கந்தளாய்க்குப் போனான். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, கலவரத்தோடு அதுவும் நின்றுபோயிற்று. நானா கிண்ணியாவிலேயே மௌத்தாகிவிட்டார். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள்.

சற்றுமுன் மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பியசேன மாதிரியே வாசலில் நின்று உரக்கக் கேட்டுப் பார்த்தேன். "கண்ணாடிய கோ?" கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கை ஒரு பக்கமும் போகவில்லை. எனக்கு நானே கேட்டால் சரிவராது போலிருக்கிறது. வேறு யாராவது கேட்கவேண்டும். மகளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.