ஆட்டை நடத்திக்கொண்டு போன காலை

போன வாரம் வீங்கிய என் கணுக்காலை அமுக்கிப் பார்த்த டாக்டர் பெண், "நிணநீர் தேங்கியிருக்கும்மா, தினமும் கொஞ்சம் நடங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நிணநீருக்காக ஒரு செம்மறியாட்டை நான் நடத்திக்கொண்டு போன கதை அவளுக்கெங்கே தெரியும்?

எண்பதுகளில், நான் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் பழைய கொட்டகையில் எங்கள் ஆராய்ச்சி நடந்தது. மலைக்குளிரில் ஆட்டின் நிணநீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. பின்னங்காலில் மெல்லிய குழாய், விலாவில் கட்டிய சின்னப் புட்டி. வெளிறிய மஞ்சளில் சொட்டுச் சொட்டாக இறங்கும். டிஞ்சர், புழுக்கை, காபிப் பழத்தோல் புளிக்கும் வாடை எல்லாம் கலந்த அந்த இடத்திலேயே உட்கார்ந்து நான் இட்லி சாப்பிடுவேன், நம்புங்கள்.

ஆட்டைப் பார்த்துக்கொண்டவள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்த பாப்பாத்தி. அதை 'கண்ணு' என்பாள். என்னையும் அப்படித்தான். கூப்பிட்டால் இருவரும் திரும்புவோம்.

ஒரு நாள் காலையில் புட்டி காலி. குழாயில் அடைப்பு. பேராசிரியர், "மத்தியானம் வரைக்கும் பாரும்மா. ஓடலேன்னா ஆட்ட முடிச்சு, நிணநீர்க் கணுவ எடுத்துரலாம்" என்றார்.

"ஏங்கண்ணு, அறுத்துருவாங்களா?" என்றாள் பாப்பாத்தி. நான் ஊசிக்குழலை எடுத்தேன்.

குழாயை மருந்து விட்டு அலசினேன். அடைப்பு அசையவில்லை. தசை அசைந்தால் நிணநீர் நகரும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, புட்டியைத் தாங்கியபடி அவள். பனிமூட்டத்தில் ரோட்டுக்கு வந்தோம். பின்னால் வந்த பஸ் தாண்ட முடியாமல் நின்றது.

"ஏனுங்க, ஆட்டுக்குக் குளுக்கோஸ் ஏத்தறீங்களா?" என்று ஜன்னலிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க, எறக்கறோம்" என்றாள் பாப்பாத்தி. பஸ்ஸே சிரித்தது. நான் காலிப் புட்டியைப் பார்த்தேன். ஆடு போனால் ஆராய்ச்சியும் போச்சு. அதைவிட, இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏற்றத்தில், "கண்ணு, உழுந்துருச்சு!" என்று கத்தினாள். ஆடுதான் விழுந்ததென்று பதறித் திரும்பினேன். விழுந்தது ஒரு சொட்டு. அடுத்து இன்னொன்று.

ஆராய்ச்சி முடிந்தால் கணுவுக்காக ஆட்டை அறுப்பதுதான் வழக்கம். நான் குழாயை எடுத்துத் தையல் போட்டேன். "கணு வேண்டாம் சார்" என்று முதல்முறையாகப் பேராசிரியரை எதிர்த்துப் பேசினேன். தையலைக் குனிந்து பார்த்தவர், "அந்தம்மாவையே ஓட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். அன்றைக்கே பாப்பாத்தி அதை மஞ்சக்குட்டையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டாள். மறுவருஷம் இரட்டைக் குட்டி போட்டதாம்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் ரிசார்ட்டுக் கார்கள் நிற்கின்றன. லைன் வீடுகளும் இல்லை. டீக்கடையில் விசாரித்தேன்.

"எந்தப் பாப்பாத்திங்க?" என்றார் கடைக்காரர்.

அவள் புருஷன் பெயர்கூட எனக்குத் தெரியாது. டீ ஆறும்வரை நின்றுவிட்டு, பஸ் ஏறினேன்.