மஞ்சள் துணி கட்டிய பூவரசு

கல்வராயன் மலைக்கு மூட்டை ஏற்றப் போன என் வீட்டுக்காரர் ஒரு மிளகுக் கொடித் துண்டைக் கொண்டுவந்தார். கள்ளக்குறிச்சி வெயிலில் அது பிழைக்காது என்று தெருவே சொன்னது. அப்படிச் சொன்னதற்காகவே வளர்த்தேன். என் புத்தி அப்படி. வீட்டெதிரே, சாலையோரப் பூவரசின் அடியில் நட்டு, ஈரச் சாக்கு சுற்றி, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன். கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்ட, என் பழைய மஞ்சள் புடவையை அவரே கிழித்துக் கொடுத்தார். அது ஏற ஏறக் கட்டிக்கொண்டே போனேன். இரண்டு வருடத்தில் ஆள் உயரம். கோடையிலும் பச்சை மாறாமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் மறியல் செய்த வருடம் அது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். கோடாலியோடு என் பூவரசுக்கு வந்த கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். மறியல் எங்கள் பிள்ளையின் படிப்புக்காக, கொடி எனக்காக. எதைச் சொல்லித் தடுப்பது? அதற்குள் ஒருவர் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டார்.

"சாமி மரம் போல இருக்குது, வுட்டுடுங்க."

வேண்டுதல் துணி என்று நினைத்துவிட்டார்கள். அதைக் கிழித்துக் கொடுத்த மனுஷனே முதல் ஆளாகக் கையெடுத்துக் கும்பிட்டார். நிஜமாகக் கும்பிட்டாரா, எனக்காக நடித்தாரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்பதற்குள், அன்று சாயங்காலமே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் மரத்தடியில் கற்பூரம் ஏற்றத் தொடங்கினார்கள். கொடியின் அடி இலைகள் கருகின. மறியல் இன்னும் ஓயவில்லை, உண்மையைச் சொன்னால் மரம் போய்விடும். சொல்லாவிட்டால் கொடி போய்விடும். கற்பூரத்தைத் தள்ளி ஏற்றுங்களேன் என்று சண்டை பிடித்தேன். சாமியிடமே வம்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பத்து நாளாகியும் அவர் வரவில்லை. எந்த ஜெயில் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்றைக்கு, அதே புடவையின் மிச்சத்தைக் கிழித்து மரத்தில் கட்டினேன். கை நிறையக் கற்பூரத்தை வேரருகிலேயே ஏற்றினேன். தெரிந்தேதான் செய்தேன். அழுகையாக வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் அவர் வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் மரத்தடியில் நின்று காய்ந்த தண்டைத் தடவினார்.

"கொடிக்கு இன்னா ஆச்சி?"

"நீங்க வரணும்னு கற்பூரம் ஏத்தினேங்க."

"நம்ம பொடவைக்கா?"

"நீங்கதான மொதல்ல கும்பிட்டீங்க," என்றேன்.

அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.