இரண்டு சீர் கூடிய பாட்டு

பிள்ளைகளா, நம்ம லயத்து வரிசை வீட்டு உத்தரத்தில் நீங்கள் குடை மாட்டுகிறீர்களே, அந்த இரும்புக் கொக்கி தொட்டிலுக்காக அடித்தது. அதைப் பார்த்தால் எனக்கு ஒரு பாட்டின் அளவுதான் ஞாபகம் வரும்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். என் அக்கா, உங்கள் அத்தை, கொழுந்து கிள்ளும் பெண்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

கொழுந்து கிள்ளு கூடை போடு
பழுத்த வெயிலு பாதை காட்டும்

அடிக்கு நாலு சீர். நான் படித்த எட்டாம் வகுப்பில் மிச்சம் இந்தச் சீர் எண்ணும் பழக்கம்தான். சீருக்கு ஒரு கிள்ளு. மூச்சுவிட இடமில்லாத பாட்டு. அப்போது உங்கள் அம்மாவுக்கு, மூத்தவள் வயிற்றில், ஏழாம் மாதம். அந்த மாதமும் வேலைக்கு நின்றால்தான் பேறுகால விடுப்பு கிடைக்கும். செடி நிரையில் பின்தங்கினால் கங்காணி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு நாள் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. நான் கீழே ரோட்டில் கொழுந்துச் சாக்குகளோடு நின்றேன். மஞ்சுக்குள் ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் இறங்கி வந்தது. திடீரென்று அது இழுத்தது.

கொழுந்து கிள்ளு கூடை போடு கண்ணே மெல்ல
பழுத்த வெயிலு பாதை காட்டும் கண்ணே மெல்ல

எதுகை அதேதான், மோனையும் அதேதான். சீர்தான் நாலு ஆறாகியிருந்தது. கூடிய இரண்டு சீரில் கிள்ளு இல்லை. அங்கே அத்தனை கையும் சேர்ந்து நின்றிருக்கும். வேலைக்கு விரட்டிய பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டாக மாறியிருந்தது.

"ஏ மதினி, பாட்டு என்ன படுத்துருச்சா?" என்று அக்காவைக் கேட்டாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

"என்னம்மா, ஒப்பாரியா வைக்கிறீங்க?" இது கங்காணி.

"ஈரத்துல கொழுந்து வழுக்குது கங்காணியாரே, பாட்டும் வழுக்குது," என்றாள் அக்கா.

யாருக்காக என்று எனக்கு அங்கேயே விளங்கியது. ஒருத்தி பின்தங்கினால் கண்ணில் படும். நிரை முழுக்க மெதுவானால் யாரைப் பிடித்து அனுப்ப? சாயங்காலம் எல்லாக் கூடையும் கொஞ்சம் குறைந்துதான் எடைக்கு வந்தது. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. அந்த மாதம் தீரும்வரை அதே ஆறு சீர்தான். உங்கள் அம்மா விடுப்பு வாங்கிவிட்டாள்.

பாட்டு மாறிய அன்று சாயங்காலம் உங்கள் அம்மா என் அக்கா வீட்டில் காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக அந்தக் கொக்கியை அடித்து, ஒரு பழைய சேலையைக் கட்டினேன். வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்பார்கள். அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து உள்ளே படுக்கவைத்தேன். நாலு சீருக்கு ஆட்டினேன், தொட்டில் குலுங்கியது. ஆறு சீருக்கு ஆட்டினேன். அந்தக் கோடி வரை போய், நின்று, நிதானமாகத் திரும்பி வந்தது.